பக்கத்து வீட்டுல குடியிருந்தா வெறுப்பு குறைஞ்சிடுமா?

கேள்வி. 12 செப்டம்பர் 2024

இன்னையோட எட்டு வருஷம். 2016 செப்டம்பர் 12 சாயங்காலம், காவேரித் தண்ணிக் கலவரத்தப்ப, பெங்களூர் கே.ஆர். புரத்துல ஒரு கடை ஷட்டருக்குப் பின்னாடி மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு கேள்வி தான். பெங்களூர்ல தமிழங்களும் கன்னடக்காரங்களும் தலைமுறை தலைமுறையா ஒரே தெருவுல இருக்கோம். பழகப் பழக வெறுப்பு போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஏன் ஒவ்வொரு காவேரி தீர்ப்புக்கும் நம்பர் பிளேட் பாத்து வண்டிய நிறுத்துறாங்க? சைக்காலஜி படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பதில். 14 செப்டம்பர் 2024, ராத்திரி 10.40

ரெண்டு நாளா இந்தக் கேள்வி தான் மண்டைக்குள்ள ஓடுது. சமைக்கிறப்பவும் அது, துணி மடிக்கிறப்பவும் அது. நான் நாப்பத்தி மூணு வயசுல தொலைதூரக் கல்வியில எம்.ஏ. சைக்காலஜி முடிச்சவ, பொறந்தது ஸ்ரீராமபுரம், இப்ப ராமமூர்த்தி நகர்ல அபார்ட்மென்ட். அதனால பாடமும் தெரியும் அந்த செப்டம்பரும் தெரியும்.

முதல்ல ஒரு வார்த்தைய சரி பண்ணிக்குவோம். "அவனுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி"ன்னா நமக்கு திமிர்னு அர்த்தம். பாடத்துல அது வேற, நம்ம காலேஜ் புத்தகத்துல மனப்பான்மைன்னு போட்டிருக்கும். ஒருத்தரப் பத்தியோ ஒரு கூட்டத்தப் பத்தியோ நமக்குள்ள இருக்கற நினைப்பு, அவங்களப் பாத்தா வர்ற உணர்ச்சி, அவங்ககிட்ட எப்படி நடந்துக்கத் தோணுதுங்கறது, இந்த மூணும் சேந்தது தான். மூணும் ஒரே பக்கம் இழுக்கும்னு நினைக்கிறோம். இழுக்காது.

லாப்பியேர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர், 1930லேருந்து 32 வரைக்கும் ஒரு சீனத் தம்பதியக் கூட்டிக்கிட்டு கார்ல அமெரிக்கா பூரா சுத்துனாரு. அப்ப அங்க சீனர்கள் மேல வெறுப்பு பயங்கரம். 251 ஹோட்டல், சாப்பாட்டுக்கடை ஏறி இறங்குனாங்க, ஒரே ஒரு இடத்துல தான் முடியாதுன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கு "சீனர்கள் வந்தா சேத்துக்குவீங்களா"ன்னு கடுதாசி போட்டா, பதில் போட்டவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல "மாட்டோம்"! 1934ல இத எழுதி வெளியிட்டாரு.

இதப் படிச்ச அன்னைக்கு எனக்கு எங்க 302 அங்கிள் ஞாபகம் வந்துச்சு. அவரு பூர்வீகம் மண்டியா பக்கம், அண்ணன் இன்னும் கரும்பு போடுறாரு, கே.ஆர்.எஸ். அணைத் தண்ணி தான். காவேரி பேச்சு வந்தா அபார்ட்மென்ட் குரூப்புல அவரு அனுப்புற ஃபார்வர்டு ஒவ்வொன்னும் நெருப்பு. ஆனா 2016 செப்டம்பர் 12 அன்னைக்கு எங்க வண்டிய (என் வீட்டுக்காரருக்கு ஒசூர்ல வேலை, அங்க வாங்கினதால டி.என். 70 ரெஜிஸ்ட்ரேஷன்) உள்ள தள்ளி வைக்கச் சொல்லி, அதுக்கு முன்னாடி தன் வண்டிய குறுக்க நிறுத்தி, கேட் ஓரமா பிளாஸ்டிக் சேர் போட்டு ராத்திரி ஒன்ற மணி வரைக்கும் உக்காந்திருந்தவரும் அதே அங்கிள் தான்.

அதனால என் முதல் பதில்: கூட்டத்தப் பத்தி வாய் சொல்றது ஒன்னு, கதவுல வந்து நிக்கிற ஆளுகிட்ட கை செய்றது ஒன்னு. பக்கத்துல இருந்தா கை மாறும். வாய் மாற நாளாகும்.

15 செப்டம்பர், காலை

கீழ ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டிருக்காரு. கடுதாசிக்கு பதில் போட்டவரும் அன்னைக்கு கவுண்டர்ல நின்னவரும் ஒரே ஆள்னு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த ஆராய்ச்சி மேல வந்த பெரிய குறையே அது தான். இன்னொன்னு, சீனத் தம்பதிகூட ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரும் இருந்தாரு, அவங்களும் நல்லா உடுத்தி நல்ல இங்கிலீஷ் பேசுனவங்க. அவரு இல்லாம ரெண்டு பேர் மட்டும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? 128 பதில் தான் வந்துச்சுங்கறதையும் நேத்து விட்டுட்டேன்.

ஆனா இது என் கேள்விய இன்னும் கூர்மையாக்குது. அன்னைக்கு எனக்கு பக்கத்துல 302 அங்கிள் இருந்தாரு. இந்த இழையத் தொடங்கினவருக்கு ஷட்டர் தான் இருந்துச்சு.

15 செப்டம்பர், மதியம் 3.15

பழக்கம்னு சொல்றோமே அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 1950ல ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல எம்.ஐ.டி. பக்கத்துல கல்யாணமான ஸ்டூடண்ட்ஸ் இருந்த குவார்ட்டர்ஸ்ல, உங்க நெருங்கின சிநேகிதங்க யாருன்னு கேட்டு எழுதுனாங்க. அடுத்த கதவு வீட்டுக்காரங்கள 41 சதவீதம் பேர் சொன்னாங்க, ஒரு கதவு தாண்டினா 22, அதே வராண்டாவோட கடைசி வீடுன்னா 10. சில அடி தூரத்துக்கு இவ்வளவு வித்தியாசம். மாடிப்படி ஓரத்து வீடு, லெட்டர் பாக்ஸ் பக்கத்து வீடு, இவங்களுக்கு தான் நிறைய சிநேகிதம், ஏன்னா எல்லாரும் அந்த வழியா தான் போகணும். எங்க தாத்தா ஸ்ரீராமபுரத்துல குழாயடிக்கு எதிர் வீடு. அந்தத் தெருவுல அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது.

இத மட்டும் படிச்சுட்டு நிறுத்தினா கேள்வி கேட்டவருக்கு "பழகினா சரியாயிடும்"னு சொல்லிட்டுப் போயிடலாம். 1976ல கலிஃபோர்னியாவுல இதே மாதிரி வேற மூணு பேர் இன்னொரு கேள்வியும் சேத்துக் கேட்டாங்க, உங்களுக்குப் பிடிக்காதவங்க யாரு? அதுவும் பக்கத்து வீட்டுக்காரங்க தான், சிநேகிதத்த விட இதுல தூரம் இன்னும் குறைவு. குப்பை, சத்தம், பார்க்கிங். பக்கத்துல இருக்கறது சிநேகிதத்துக்கும் விதை, சண்டைக்கும் விதை.

16 செப்டம்பர், ராத்திரி

இன்னைக்கு ஆஃபீஸ் பஸ்ல வர்றப்ப 1991 ஞாபகம் வந்துச்சு, எழுதிடறேன்.

காவேரி நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவு, தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி., டிசம்பர்ல கெஜட்ல வந்தப்ப கலவரம். எனக்கு பதிமூணு வயசு. அப்பா முன் ரூம்ல தொங்கின தமிழ் தினக் காலண்டர கழட்டி பீரோவுக்குப் பின்னாடி வச்சாரு. எங்கள உக்கார வச்சு சொன்னாரு, "அப்பா, அம்மா, இந்த ரெண்டு வார்த்தையும் கன்னடத்துலயும் அதே தான். வெளிய போனா இந்த ரெண்டத் தவிர வேற தமிழ் வரக் கூடாது." நானும் தம்பியும் ரேஷன் கடைக்குப் போற வழி பூரா "அப்பா", "அம்மா"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு போனோம், வேற எதுவும் பேசல. அவன் அழுதுக்கிட்டே வந்தான்.

2016ல என் மகளுக்கு ஆறு வயசு. ஸ்கூல் வேன் ஏத்தறப்ப நான் சொன்னது அதே வார்த்தை. அதே ரெண்டு வார்த்தை.

இதுக்கு மேல இன்னைக்கு முடியல.

19 செப்டம்பர்

"கான்டாக்ட் தியரி"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பழகினா வெறுப்பு குறையுங்கற கொள்கை, ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1954ல சொன்னது. ரெண்டு கூட்டம் சும்மா பாத்துக்கிட்டா போதாது, நாலு விஷயம் வேணும்னாரு: ரெண்டு பேரும் சமமா நிக்கணும், குறிக்கோள் ஒன்னா இருக்கணும், ஒருத்தர் தோள ஒருத்தர் நம்பி வேலை நடக்கணும், மேல இருக்கறவங்க ஆதரவு குடுக்கணும். பிற்பாடு பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 515 ஆராய்ச்சிய ஒன்னாப் போட்டு அலசி 2006ல எழுதுனாங்க. பெரும்பாலானதுல பழக்கம் வெறுப்பக் குறைச்சிருக்கு, நாலும் இல்லாட்டிக் கூட கொஞ்சம் குறையுது, இருந்தா நல்லாவே குறையுது.

லிஃப்ட்ல சிரிச்சுட்டு "ஊட்டா ஆய்த்தா", சாப்பிட்டாச்சான்னு கேக்கறது இந்த நாலுல எதுவும் கிடையாது. எட்டு வருஷம் நாங்க அப்படித் தான் இருந்தோம் 302ஓட. அவங்க காப்பாத்தினதுக்கு நான் மைசூர்பாக் குடுத்தேன், அவங்க ஹோளிகே (நம்ம போளி) குடுத்தாங்க, முடிஞ்சது.

19 செப்டம்பர், இன்னும் கொஞ்சம்

இங்க தான் தண்ணிப் பஞ்சம் வந்த மார்ச் 2024 வருது. பெங்களூர்ல இருந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. எங்க ரெண்டு போர்வெல்லும் காத்து வாங்குச்சு. எங்க பக்கம் காவேரி கனெக்‌ஷன் இல்ல. குடிதண்ணில கார் கழுவினா, செடிக்கு ஊத்தினா 5,000 ரூபா ஃபைன்னு குடிநீர் வாரியம் அறிவிச்ச மாசம் அது. 12,000 லிட்டர் லாரி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபான்னு ரேட்டு நிர்ணயம் பண்ணாங்க, அந்த ரேட்டுக்கு லாரி பிடிக்கணும்னா காலையில நாலு மணிக்கு ஃபோன் போடணும்.

தண்ணி கமிட்டி போட்டோம். நான், 302 ஆன்ட்டி, 105ல இருக்கற பீகார் பையன், 207 மலையாளி நர்ஸ். ஆன்ட்டிக்கு லாரிக்காரங்களோட கன்னடத்துல பேரம் பேசத் தெரியும், எனக்கு கணக்கு எழுதத் தெரியும், பையனுக்கு சம்ப்புல இறங்கி அளவு பாக்கத் தெரியும், நர்ஸுக்கு ராத்திரி டியூட்டி முடிஞ்சு வர்ற நேரம் தான் லாரி வர்ற நேரம். ஒருத்தர் இல்லாம ஒருத்தரால முடியாது. ரெண்டரை மாசம். எட்டு வருஷத்துல தெரியாத விஷயமெல்லாம் அந்த சம்ப் மூடி மேல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டேன். ஆன்ட்டியோட அம்மா கொள்ளேகால்காரங்க, நல்லாத் தமிழ் பேசுவாங்களாம். எட்டு வருஷமா எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல.

20 செப்டம்பர்

ஒருத்தர் "ஷெரிஃப் கேம்ப்புலயும் தண்ணி தானே"ன்னு எழுதியிருக்காரு. ஆமா, நான் அங்க தான் வர்றேன். ஷெரிஃப்னு ஒரு உளவியல் அறிஞர் 1954ல அமெரிக்காவுல, ஓக்லஹோமா ராபர்ஸ் கேவ் பூங்காவுல நடத்தின கேம்ப் அது. 22 பசங்க, பதினோரு வயசு சுமாருக்கு. ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, முதல் வாரம் ஒருத்தர ஒருத்தர் இருக்காங்கன்னே தெரியாம வச்சு, அப்புறம் போட்டிக்கு விட்டாங்க. கொடிய எரிக்கிறது, கேபினுக்குள்ள புகுந்து கலைக்கிறதுன்னு போயிடுச்சு. சமாதானத்துக்கு ஒன்னா உக்கார வச்சு சாப்பாடு போட்டாங்க. சாப்பாட்டயே தூக்கி அடிச்சுக்கிட்டாங்க! சேத்து வச்சா மட்டும் ஒன்னும் ஆகல. கேம்ப்புக்குத் தண்ணி வர்ற டாங்க்கு அடைச்சுக்கிட்டு ரெண்டு கூட்டமும் சேந்து தேடினப்ப, லாரி ஸ்டார்ட் ஆகாம எல்லாரும் ஒரே கயிறப் பிடிச்சு இழுத்தப்ப, அப்படி ஒன்னு மேல ஒன்னா நடந்தப்ப தான் கோபம் இறங்குச்சு.

இதே ஷெரிஃப் முந்தின வருஷம் 1953ல நியூயார்க் மாநிலத்துல ஒரு கேம்ப் நடத்தி அது தோத்துப் போச்சு. அதப் பத்தி ரொம்ப நாள் யாரும் பேசல. அங்க பசங்கள முதல்ல ஒன்னாப் பழக விட்டுட்டு அப்புறம் பிரிச்சாங்க. என்ன தூண்டியும் சண்டை போடல, பெரியவங்க தான் ஏதோ பண்றாங்கன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்கு பெரிய ஆறுதல் அந்தத் தோத்துப் போன கேம்ப் தான். முன்னாடியே சிநேகிதமா இருந்த பசங்கள எதிரியாக்க முடியல.

20 செப்டம்பர், ராத்திரி 11

ரொம்ப அழகா எழுதிட்டேன், ஆனா முழுசா நிஜம் இல்ல. மார்ச்ல மொழி மறைஞ்சுச்சு, சரி. ஏப்ரல்ல என்ன ஆச்சு? "பி பிளாக்காரங்க ராத்திரி வால்வு திறந்து விட்டுக்கறாங்க." ரெண்டு வாரம் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் முகம் பாத்துக்கல. நானே ஏ பிளாக், நானும் நம்பினேன். கடைசில பாத்தா பைப்புல லீக்கு.

தாஜ்ஃபெல்னு ஒரு உளவியல் அறிஞர் இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஸ்கூல் பசங்கள வச்சு செஞ்சது இது தான், 1971ல வந்துச்சு. க்ளே, காண்டின்ஸ்கின்னு ரெண்டு ஓவியர், உனக்கு யார் படம் பிடிக்கும்னு கேட்டு அத சாக்கா வச்சு ரெண்டு பிரிவு. ஒருத்தர ஒருத்தர் பாக்கல, பகை இல்ல, பழைய கணக்கு இல்ல. இருந்தும் காசு பிரிக்கச் சொன்னா தன் பிரிவுக்கு ஜாஸ்தி. அதுலயும் மனசக் குத்துறது என்னன்னா, ரெண்டு பேருக்கும் நிறைய கிடைக்கிற வழிய விட்டுட்டு, தனக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் அடுத்தவன விட மேல இருக்கற வழியத் தேடினாங்க. ஒரு படம் போதும், ஒரு பிளாக் எழுத்து போதும். மொழியும் தண்ணியும் சேந்தா கேக்கவே வேணாம்.

302 அங்கிள நான் வெறும் வெறுப்புன்னு எழுதிடக் கூடாது. அவரு அண்ணன் கரும்பு நிஜமாவே காயுது. நம்ம தஞ்சாவூர்க்காரங்களுக்கு குறுவை காயற மாதிரி.

24 செப்டம்பர்

புரளி பத்தி கேட்டவருக்கு. 2012 ஆகஸ்ட்ல வடகிழக்கு மாநிலத்துப் பசங்க ஆயிரக்கணக்குல பெங்களூர விட்டு ரயிலேறினாங்களே, எஸ்.எம்.எஸ். புரளி. குவாஹாட்டிக்கு ஸ்பெஷல் ரயில் விட்டாங்க, ஒரு நாளைக்கு அஞ்சு மெசேஜ்னு கட்டுப்பாடு போட்டாங்க. எங்க ஏரியா பார்லர்ல வேலை செஞ்ச மணிப்பூர் பொண்ணு பாதி சம்பளத்த விட்டுட்டுப் போச்சு, திரும்பி வரல.

1934 பீகார் பூகம்பத்துக்கு அப்புறம் ஜமுனா பிரசாத்னு பாட்னா உளவியல் அறிஞர் ஜனங்க பேசின புரளிய சேத்து வச்சாரு. நில அதிர்வ உணர்ந்து ஆனா வீடு இடியாத ஊர்கள்ல தான், "இன்னும் பெரிய பூகம்பம் வருது, பிரளயம் வருது"ன்னு பேச்சு. பின்னாடி ஃபெஸ்டிங்கர் அதப் படிச்சு யோசிச்சாரு, பயந்து போனவங்க ஏன் இன்னும் பயப்படுத்துற கதைய நம்பணும்? பயம் முதல்லயே வந்துடுச்சு, கண்ணுக்கு முன்னாடி காரணம் இல்ல, அதனால பயத்துக்குப் பொருந்துற மாதிரி கதைய மனசு தேடிக்குது. ஒன்னுக்கொன்னு பொருந்தாத நினைப்ப மனசு எப்படியாவது பொருத்தப் பாக்கும்ங்கற அவரோட காக்னிட்டிவ் டிஸ்ஸனன்ஸ் சிந்தனைக்கு அது ஒரு ஆரம்பம். அமெரிக்கப் புத்தகத்துல வர்ற பெரிய கொள்கைக்கு வேர்ல நம்ம பீகார் இருக்குங்கறது எனக்கு இன்னும் சிலிர்ப்பு.

2016ல "தமிழ்நாட்டுல நம்ம ஆளுங்கள அடிக்கிறாங்க"ன்னு இங்கயும் "பெங்களூர்ல நம்ம ஆளுங்கள"ன்னு அங்கயும் வீடியோ சுத்துச்சு. நடந்ததும் இருந்துச்சு. ஆனா நடந்ததுக்கு மேல பத்து மடங்கா பரவுனது, பயத்துக்குத் தீனி வேணும்னு தான்.

2 அக்டோபர்

லீவு நாள், காலையிலேயே சண்டை. அபார்ட்மென்ட் குரூப்புல யாரோ (302 இல்ல) "தமிழர்கள் இங்க வந்து..."ன்னு ஆரம்பிக்கிற ஃபார்வர்டு போட்டாங்க. நாப்பது வீடு. ஒருத்தரும் வாயத் திறக்கல. என் கையெல்லாம் நடுங்குச்சு, எல்லாருக்கும் இதே நினைப்பு போலன்னு தோணுச்சு.

அப்புறம் முகம் கழுவிட்டு பாடத்த நினைச்சேன். பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டியில 1993ல வந்த ஆராய்ச்சி, ஸ்டூடண்ட்ஸ் ஒவ்வொருத்தரும் குடிப்பழக்கத்தப் பத்தி உள்ளுக்குள்ள சங்கடப்படுறாங்க, ஆனா மத்தவங்களுக்கு அது சகஜம்னு நினைச்சுக்கறாங்க. எல்லாரும் பேசாம இருக்கறதால எல்லாருக்கும் சம்மதம்னு எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறது. சோதிச்சுப் பாத்தேன். மூணு கன்னட வீட்டுக்கு தனியா மெசேஜ் போட்டேன், "இது உங்களுக்கு சரின்னு படுதா?" மூணு பேரும் இல்லன்னாங்க. ஒருத்தங்க "எனக்கு அசிங்கமா இருந்துச்சு, யாரும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்"னாங்க.

ஆஷ்னு ஒரு உளவியல் அறிஞர் 1951ல எந்தக் கோடு சம நீளம்னு கேக்கற பரிசோதனை பண்ணாரே, கூட இருக்கறவங்க எல்லாம் நடிகர்கள், வேணும்னே தப்பு சொல்லுவாங்க, நடுவுல ஒரு நிஜ ஆள். மூணுல ஒரு பங்கு தடவை அந்த ஆளும் தப்புக்குத் தலையாட்டுனாரு. எல்லாரும் அத மட்டும் சொல்லுவாங்க. மூணுல ரெண்டு பங்கு தடவை சரியாத் தான் சொன்னாங்க, அது பாதி கதை. மீதி கதை, கூட ஒரே ஒருத்தர் சரியாச் சொல்லிட்டா அந்தத் தலையாட்டல் கால்வாசியா இறங்கிடுது. ஒரே ஒருத்தர்.

சாயங்காலம் அந்த மூணு பேர்ல ஒருத்தங்க குரூப்புல ஒரு வரி போட்டாங்க, "இங்கே இது வேண்டாம், தயவுசெய்து." அரை மணி நேரத்துல ஏழு தம்ஸ் அப்.

302 அங்கிள் போடல.

5 அக்டோபர்

"உங்க பக்கம் மட்டும் சுத்தமா?"ன்னு கேட்டவங்களுக்கு. இல்ல. தருமபுரியில ஒரு கல்யாணப் பந்தியில எங்க அத்தை "கன்னடக்காரன நம்பாத, சிரிச்சுக்கிட்டே..."ன்னு ஆரம்பிச்சாங்க. பக்கத்துல உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டு நானும் பேசாம இருந்தேன். மேல எழுதினேனே நாப்பது வீடு, அதுல நானும் ஒரு வீடு தான் அன்னைக்கு. 105 பையன் வந்த புதுசுல "இந்த இந்திக்காரப் பசங்களுக்கு வீடு குடுத்தா பார்ட்டி தான்"னு நான் அசோசியேஷன் மீட்டிங்ல சொல்லியிருக்கேன். அவன் தான் எங்க எல்லாருக்காகவும் சம்ப்புல இறங்கினவன். அவன்கிட்ட இத நேர்ல சொல்லி மன்னிப்புக் கேட்டேன், போன வாரம்.

17 அக்டோபர்

நேத்து காவேரி அஞ்சாம் கட்டம் தொடங்கி வச்சாச்சு, ஒரு நாளைக்கு 775 மில்லியன் லிட்டர், 110 கிராமங்களுக்கு. எங்க தெருவுக்கு பைப் போட்டிருக்கு, தண்ணி எப்பன்னு தெரியல. வெளிய மழை கொட்டுது.

சமமா ஒரே டீம்ல விளையாடினா என்னங்கறதுக்கு நம்ம நாட்டு உதாரணம் கேட்டிருந்தாங்க. உத்தரப் பிரதேசத்துல மேட் லோங்கற ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் 1,261 இளைஞர்கள வச்சு ஒரு கிரிக்கெட் லீக் ஆராய்ச்சி நடத்துனாரு, 2021ல வந்த கட்டுரை. ஒரே டீம்ல வேற வேற சாதி இருந்தா சாதி தாண்டின சிநேகிதம் கூடுச்சு. எதிர் டீம்ல இருந்தா குறைஞ்சுச்சு. அதே ஊர், அதே மைதானம், அதே பந்து. டெல்லியில பெரிய தனியார் ஸ்கூல்கள்ல ஏழைப் பசங்களுக்கு இடம் ஒதுக்கின பிறகு கூடப் படிச்ச பணக்காரப் பசங்க இன்னும் தாராளமா, பாகுபாடு குறைச்சலா ஆனதா கௌதம் ராவ் 2019ல எழுதினாரு. பக்கத்து பெஞ்சு மட்டும் இல்ல, சேந்து படிக்கணும், ஒரே க்ரூப் ஒர்க்.

1 நவம்பர்

தீபாவளி நேத்து, இன்னைக்கு ராஜ்யோத்சவம், கர்நாடகா உருவான நாள். கீழ கொடி ஏத்தினாங்க, நான் போனேன், மகளும் வந்தா. நான் கன்னடத்துல ரெண்டு வரி பேசினேன். முப்பது வருஷமா எனக்கு கன்னடம் பேச வரும், ஆனா உச்சரிப்புல தமிழ் தெரிஞ்சுடுமோங்கற பயத்துலயே சுருக்கமாப் பேசி நழுவிடுவேன். பெட்டிக்ரூ, ட்ராப் 2008ல இதையும் அலசியிருக்காங்க. பழக்கம் வெறுப்பக் குறைக்கிறது முக்கியமா எதனாலன்னா, அடுத்த கூட்டத்தப் பத்தி தகவல் தெரியறதால ரொம்ப இல்ல, அவங்க பக்கத்துல இருக்கறப்ப வர்ற பதட்டம் குறையறதாலயும் அவங்க இடத்துல நின்னு பாக்க முடியறதாலயும் தான். இந்தப் பதட்டம் எனக்கு நல்லாத் தெரியும். கழுத்துல ஏறும், நாக்கு தடிக்கும்.

பேசி முடிச்சதும் 302 அங்கிள் வந்து கை குடுத்து சொன்னாரு, "நீவு பேரேம்மா." நீங்க வேறம்மா. மத்தவங்க மாதிரி இல்ல.

2016லயும் மறுநாள் காலையில இதே வார்த்தை தான் சொன்னாரு. அப்ப எனக்கு கண்ணு கலங்குச்சு, நன்றியில. இன்னைக்கு உள்ள என்னவோ நின்னுடுச்சு.

3 நவம்பர், விடியக்காலை

தூக்கம் வரல, எழுந்து எழுதறேன். இந்த இழையோட முதல் கேள்விக்கு நான் செப்டம்பர்ல குடுத்த பதில மாத்தறேன்.

ஆல்போர்ட் ஒரு விஷயம் சொல்லியிருக்காரு, வேலிய மறுபடி போட்டுக்கறதுன்னு. ஒரு கூட்டத்த வெறுக்கிற மனசுக்கு முன்னாடி அந்தக் கூட்டத்துல ஒரு நல்ல ஆள் வந்து நின்னா, மனசு வேலியத் திறந்து அந்த ஒருத்தர மட்டும் விதிவிலக்கா உள்ள விட்டுட்டு உடனே மூடிக்கும். என் வீட்டுக்கு வண்டிய குறுக்க நிறுத்தின அங்கிள், அதே வாரம் ஃபார்வர்டு போட்டதுல அவருக்குள்ள எந்த முட்டலும் இல்ல. நான் "பேரே". நான் கணக்குல வரல. லாப்பியேர் கடுதாசியும் அப்படித் தானோன்னு இப்பத் தோணுது. கவுண்டர்ல வந்து நின்னவங்க "நல்லவங்க", கடுதாசியில இருந்தது "சீனர்கள்".

1986ல ஹூஸ்டோன், பிரவுன்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு வழி எழுதுனாங்க. ஒரு ஆள் மேல வந்த நல்ல எண்ணம் அவங்க கூட்டத்துக்கும் போகணும்னா, பழகுறப்பவே அந்த ஆள அந்தக் கூட்டத்துக்காரங்களா தெரிஞ்சுக்கிட்டுப் பழகணும். அடையாளத்த மறைச்சுட்டுப் பழகினா நல்ல பேரு ஆளோட நின்னுடும்.

எங்க அப்பா காலண்டர கழட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு குழந்தைய வச்சிருந்த மனுஷன் அன்னைக்கு வேற என்ன செய்வாரு. ஆனா கலவரம் முடிஞ்சும் அது பீரோவுக்குப் பின்னாடியே இருந்துச்சு. முப்பது வருஷம் நான் லிஃப்ட்ல தமிழ்ல ஃபோன் வந்தா எடுக்கல. பண்டிகைக்கு "ஹேப்பி சங்கராந்தி" தான். அங்கிள் பாத்த தமிழச்சி பாதி தமிழச்சி. அவருக்கு தமிழர்கள்னா டிவியில வர்றவங்க தான், நான் இல்ல. அதுல அவரு பங்கு எவ்வளவோ என் பங்கும் இருக்கு.

3 நவம்பர், மதியம்

"அப்ப அடி வாங்கினா பரவாயில்லையா"ன்னு ஒரு அண்ணன் கோபமா கேட்டிருக்காரு. நியாயமான கோபம். கலவரத்தன்னைக்கு யாரும் எதையும் நிரூபிக்க வேண்டாம், உயிர் தான் முக்கியம், மறைஞ்சுக்கோங்க. நான் சொல்றது மத்த முன்னூத்தி அறுவத்தி நாலு நாள். அதுவும் என்னைப் போல கேட் வச்ச அபார்ட்மென்ட்ல இருக்கறவளுக்கு சுலபம். தள்ளுவண்டி வச்சிருக்கறவருக்கு, டி.என். லாரி ஓட்டுறவருக்கு நான் இத உபதேசமாச் சொல்ல மாட்டேன். ஆல்போர்ட்டோட நாலாவது விஷயம், மேல இருக்கறவங்க ஆதரவு, அவங்களுக்கு அது தான் முதல்ல வேணும்.

9 டிசம்பர்

லிஃப்ட்ல தம்பி ஃபோன். எடுத்தேன். தமிழ்ல பேசினேன், நாலு மாடிக்கும். 302 ஆன்ட்டி கூட நின்னாங்க. எறங்கறப்ப "உன் தம்பியா? எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு"ன்னாங்க, தமிழ்ல. திக்கித் திக்கி, ஆனா தமிழ்ல.

14 ஜனவரி 2025

வருஷா வருஷம் கேட் பக்கத்துல போடுற ரங்கோலியில இங்கிலீஷ் தான் இருக்கும். இந்த வருஷம் மகள் முறை. பானை வரைஞ்சுட்டு, "பொங்கலோ பொங்கல்னு தமிழ்ல எழுதட்டுமா மா"ன்னு கேட்டா. வயித்துல ஒரு நிமிஷம் 1991 ஏறி இறங்குச்சு. எழுதுன்னேன்.

ஆறு மணிக்கு ஆன்ட்டி எள்ளு பெல்ல தட்டோட வந்து நின்னு என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. இவ ஒவ்வொரு எழுத்தாக் காட்டிப் படிச்சா. "நம்ம ஹுக்கி தானே"ன்னு, பொங்கலோட கன்னடப் பேரச் சொல்லிச் சிரிச்சு, எள்ளு பெல்ல தின்னு ஒள்ளே மாத்தாடி, எள்ளும் வெல்லமும் தின்னு நல்லதாப் பேசுங்கன்னு ரெண்டு பேர் கையிலயும் குடுத்தாங்க.

அங்கிள் வாக்கிங் கிளம்பினாரு. நின்னு பாத்தாரு, ஒன்னும் சொல்லல. மிதிக்காம ஓரமாச் சுத்திப் போனாரு. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தப்பவும் சுத்தித் தான் வந்தாரு.

ஒன்பது மணிக்கு தண்ணி லாரி வந்துச்சு, பானையோட பாதி டயர்ல போயிடுச்சு. எழுத்து இருக்கு.